ஒவ்வோர் அடியும் ஸதகாவாகட்டும்

கோவை மாநகரின் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் எனத் தொடரும் நம் மஹல்லாக்களில் ஒரு மவுத்துச் செய்தி அறிவிக்கப்பட்டால், அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. குளிப்பாட்ட ஆள் வருவார். கஃபன் துணி வரும். கபர்ஸ்தானில் குழி தயாராகும். சந்தூக்கைத் தோளில் ஏந்த ஒருவரை ஒருவர் முந்துவர். இறந்தவர் பெரிய வணிகரா, தள்ளுவண்டிக்காரரா என்று எவரும் கேட்பதில்லை. ஃபர்ளு கிஃபாயா என்னும் சமூகக் கடமையை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றும் சமுதாயமாக நம்மை ஆக்கிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

ஆனால் அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி எழும்: "வயது என்ன இருக்கும்?" அதற்கு "நாற்பத்தைந்துதான்" என்றோ, "ஐம்பதுகூட ஆகவில்லை" என்றோ பதில் வருவது இப்போது நமக்குப் பழகிப்போய்விட்டது. காரணம் கேட்டால் மாரடைப்பு என்பார்கள். 'தக்தீர்' என்று சொல்லி நாம் கலைந்துவிடுகிறோம். அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பதில் நமக்கு ஐயம் இல்லை. எனினும் ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டாமல் விட்டுவிட்டு விதியைக் காரணம் காட்டுவது நம் வழிமுறை அன்று.

இந்தத் துயரம் நம் தெருக்களோடு நின்றுவிடவில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007-ஆம் ஆண்டு வெளியானது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 ஆக இருக்க, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு அது ஏறத்தாழ 53 என்று அந்த ஆய்வு கண்டது. புகை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு, நாம் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்பதும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. ஆறு ஆண்டுகள் என்பது ஒரு மகளின் திருமணமாகவோ ஒரு மகனின் படிப்பாகவோ இருக்கலாம். பல குடும்பங்களில் ஈட்டுபவரின் முக்கியமான ஆண்டுகள் அவை.

எனவே நாம் முன்வைக்க விரும்பும் கருத்து எளியது. விழுந்தவரைத் தூக்குவதில் தேர்ந்த நம் சேவை மரபை, விழாமல் காக்கும் பணிக்கும் திருப்ப வேண்டும். உடற்பயிற்சியைத் தனி மனிதரின் வைராக்கியத்துக்கு விட்டுவிடாமல், ஜமாஅத்தின் சேவையோடு பிணைக்க வேண்டும். அப்படிப் பிணைத்தால் இரண்டும் நிலைக்கும்.

இதயமும் ஒரு தசையே

1953-ஆம் ஆண்டு ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இலண்டன் நகரப் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அங்கே ஓடியவை இரட்டை அடுக்குப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனத்தில், ஒரே பேருந்தில் வேலை செய்தும் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும் மேசையில் அமர்ந்திருந்த எழுத்தர்களுக்கும் இடையிலும் இதே வேறுபாடு தெரிந்தது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருத்திருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் அந்த ஆய்வு திறந்துவிட்ட வழியில் உலகெங்கும் நடந்த பல ஆய்வுகள் அதன் அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன.

ஒப்பணக்காரத் தெருவிலும் பெரிய கடைவீதியிலும் காலை பத்து மணிக்குக் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்து இரவு ஒன்பது மணிக்கு எழும் நம் வணிகச் சகோதரர்கள், இந்தக் கதையில் தாம் ஓட்டுநரா நடத்துநரா என்று எண்ணிப் பார்க்கலாம். நம் பாட்டனார்கள் மில்லுக்கு நடந்தார்கள், சந்தைக்குச் சைக்கிளில் சென்றார்கள், மூட்டையைத் தாமே இறக்கினார்கள். நாமோ அடுத்த தெருவுக்குத் தேநீர் குடிக்கச் செல்லவும் வண்டியை உதைக்கிறோம்.

உடல் தொடர்ந்து உழைக்கும்போது இதயத்துக்கு என்ன நேர்கிறது? இதயமும் ஒரு தசைதான். பழக்கப்பட்ட இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆகவே ஓய்வில் இருக்கும்போது அது குறைவாகத் துடித்தாலே போதும். நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,15,200 முறை துடிக்கிறது. அதுவே 70 ஆகக் குறைந்தால் 1,00,800 ஆகிறது. நாளொன்றுக்கு 14,400 துடிப்புகள் மிச்சம்! இரத்தக் குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்து விரியும் தன்மையைப் பெறுகிறது. தசைகள் சர்க்கரையை எளிதாக எடுத்துக்கொள்கின்றன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு, தொடர்ந்த நடை போன்ற பயிற்சியால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளிகள் வரை குறையக்கூடும். மருந்தை நிறுத்துவதற்கான அனுமதியாக இதைக் கொள்ளக் கூடாது. மருந்துக்கு இது ஒரு துணை.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார அமைப்பு 2020-இல் தெளிவாகக் கூறியது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடின உழைப்பில் ஈடுபடலாம். அத்துடன் வாரத்தில் இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மிதமான உழைப்பு என்பதற்கு இதுவே எளிய அடையாளம். பத்து நிமிடத்துக்குக் குறைவான அசைவுகளும் கணக்கில் சேரும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். இதயத்தின் வலிமையைச் சேமித்து வைக்க முடியாது. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது குறையத் தொடங்கும். ஜனவரியில் ஒரு மாதம் ஓடிவிட்டு ஆண்டு முழுதும் அமர்ந்திருப்பதால் பயன் இல்லை. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட இந்த இஸ்திகாமத் என்னும் நெறியே இதயத்தின் நெறியாகவும் இருப்பது சிந்திப்போருக்கு ஓர் அத்தாட்சி.

தொழுகையே போதுமா?

இந்த இடத்தில் சிலர், "நாம்தான் ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே பயிற்சி அல்லவா?" என்று கேட்பதுண்டு. மேடைகளிலும் இது அடிக்கடி சொல்லப்படுகிறது. இதில் நாம் நிதானம் காட்ட வேண்டும். குனிவதும் ஸஜ்தாவும் மூட்டுகளை இயக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் மூச்சு வாங்கச் செய்து இதயத்தைப் பழக்கும் அளவுக்கு அவை கடினமானவை அல்ல. தொழுகை நிதானத்தோடு நிறைவேற்ற வேண்டிய இபாதத். அதை உடற்பயிற்சி என்று சுருக்கினால் தொழுகையின் கண்ணியமும் குறைகிறது, பயிற்சியின் தேவையும் மறைகிறது. தொழுகைக்கு நடந்து செல்வது வேறு. அந்த நடைக்கு நன்மையும் உண்டு, பயனும் உண்டு. பள்ளிவாசலின் வாசல் வரை வண்டியில் வந்து நிறுத்தும் நாம் இழப்பது இரண்டையும்தான்.

சேவை ஏன் நடையைக் காக்கிறது?

மருத்துவர் எச்சரித்ததும் புதுக் காலணி வாங்கி, உக்கடம் பெரியகுளக் கரையிலோ வாலாங்குளத்தின் நடைபாதையிலோ பத்து நாள் நடந்து, பதினோராம் நாள் மழை என்று நின்றுவிடுவோர் நம்மில் பலர். இதற்காக அவர்களை இகழ்வதில் நியாயம் இல்லை. தனக்காக மட்டும் செய்யும் ஒன்றைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. நம் வரவை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்றால் நிலை மாறிவிடும். தனியாக வசிக்கும் ஒரு முதியவர் காலை ஆறரை மணிக்கு நாம் கொண்டுவரும் மாத்திரைக்காகக் காத்திருப்பார் என்றால் மழையிலும் நாம் குடையெடுத்துக்கொண்டு செல்வோம்.

சேவையின் பலன் உடலிலும் தெரிகிறது என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியோரிடம் நான்கு ஆண்டு இடைவெளியில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 200 மணி நேரமாவது தன்னார்வச் சேவை செய்தோருக்கு இரத்தக் கொதிப்பு உருவாகும் வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. 200 மணி நேரம் என்பது வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவே. நலமாக இருப்போர்தாமே சேவைக்கு வர முடியும், ஆகவே இது சேவையின் விளைவுதானா என்று கேட்பது நியாயமான கேள்வி. கனடாவில் நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு மாதங்கள், வாரம் ஒருமுறை, சிறு குழந்தைகளுக்கு உதவ அனுப்பினர். முடிவில் சேவைக்குச் சென்ற மாணவர்களிடம் கொழுப்பும் உடல் பருமன் அளவும் உடலின் அழற்சியைக் காட்டும் ஓர் இரத்தக் குறியீடும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பிறர்மீது பரிவு அதிகம் வளர்ந்த மாணவர்களிடமே இந்த மாற்றமும் அதிகம் தெரிந்தது.

நிய்யத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. விஸ்கான்சின் மாநில முதியோரிடம் செய்யப்பட்டு 2012-இல் வெளியான அந்த ஆய்வில், பிறருக்காகச் சேவை செய்தோர் கூடுதல் காலம் வாழ்ந்தனர். தம் சொந்த நலனுக்காகவே சேவை செய்தோருக்கு, சேவையே செய்யாதவர்களைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று சிறு வயது மதரஸாவிலேயே படித்த நமக்கு இது வியப்பளிக்காது. ஆகவே "என் இதயத்துக்காக" என்று புறப்படாமல், "அல்லாஹ்வுக்காக, அவன் அடியாருக்காக" என்று புறப்படுவோம். இதயத்தின் பங்கு தானாக வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.

உடலின் ஒவ்வொரு மூட்டுக்கும் நாள்தோறும் ஒரு தர்மம் உண்டு என்பதும், ஒருவரின் சுமையை ஏற்றிவிடுவது, தொழுகைக்கு எட்டு வைப்பது, பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஆகியன அந்தத் தர்மத்தில் அடங்கும் என்பதும் நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. அதில் சொல்லப்பட்டவற்றைக் கவனியுங்கள். அவை பெரும்பாலும் உடலை அசைத்துச் செய்யும் உதவிகள். மூட்டுக்கான நன்றியை மூட்டாலேயே செலுத்தச் சொல்லும் மார்க்கம் இது.

நம் ஊரிலேயே முன்மாதிரிகள் உண்டு

உடலுழைப்பையும் பொதுச் சேவையையும் இணைப்பது கோவைக்குப் புதிதன்று. 2013-ஆம் ஆண்டு உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, மாநகராட்சியோடும் சிறுதுளி போன்ற அமைப்புகளோடும் பொதுமக்களும் கைகோத்துத் தூர் வாரினர். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் மண்வெட்டியும் கூடையுமாகக் குளக்கரைகளில் இறங்குகின்றனர். மண் அள்ளிக் கொட்டுவது எந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கும் குறையாத உழைப்பு. 2013-இல் தொடங்கிய கோவை மாரத்தான், ஓடுவோரின் கால்களைப் புற்றுநோய் நோயாளிகளுக்கான நிதியோடு இணைத்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்து மருந்து தருகின்றனர்.

நம் சமுதாயத்திடமும் மனித வளத்துக்குக் குறைவில்லை. 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்களின் கதவுகள் அனைவருக்கும் திறந்தன. கொரோனா காலத்தில், உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பாராமல் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தவர்களில் நம் இளைஞர்கள் முன்னணியில் நின்றனர். ஆம்புலன்ஸ் சேவையிலும் இரத்த தானத்திலும் தமிழகம் எங்கும் முஸ்லிம் அமைப்புகளுக்கு நற்பெயர் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆபத்து வந்தபின் செய்யப்படும் சேவைகள். ஆபத்தைத் தள்ளிப்போடும் சேவைக்கு நாம் இன்னும் அணி திரளவில்லை.

மஹல்லா என்ன செய்யலாம்?

ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் சேர்ந்தால் பெரிய செலவின்றித் தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, சுப்ஹுக்குப் பிந்தைய சேவை நடை. தொழுகை முடிந்ததும் இருவர் இருவராகப் பிரிந்து, தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், விதவைப் பெண்களின் வீடுகளுக்கு நடந்து செல்லலாம். மருந்து, பால், காய்கறி எதுவாயினும் கொண்டு சேர்க்கலாம். முஸ்லிம் வீடு, மாற்று மதத்தவர் வீடு என்ற பாகுபாடு இதில் வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமை இருவருக்கும் பொது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் நடந்தால் 150 நிமிடங்கள் ஆகிவிடும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இந்த முப்பது நிமிடத்தில் இருசக்கர வாகனத்தைத் தொடக் கூடாது. வண்டியில் செய்யும் சேவைக்கும் கூலி உண்டு, ஆனால் அதில் உழைப்பது இன்ஜின்தான்.

இரண்டாவது, மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் இரத்தக் கொதிப்பு, சர்க்கரைப் பரிசோதனை. மார்பு வலி வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது என்பதையும், 108-ஐ உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அங்கே சொல்லித்தர வேண்டும். 2023 ஜூனில் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகள் தரப்படுகின்றன என்ற செய்தி நம்மில் பலருக்கு இன்னும் எட்டவில்லை. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி முதலுதவி செய்யும் பயிற்சியையும் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருபது பேராவது கற்க வேண்டும். கப்ரு தோண்டத் தெரிந்த கைகளுக்கு இது கடினமானதல்ல.

மூன்றாவது, நம் பெண்கள். உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2024-இல் வெளியான கணக்கீட்டின்படி, இந்தியாவில் ஆண்களில் சுமார் 42 விழுக்காட்டினரும் பெண்களில் சுமார் 57 விழுக்காட்டினரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். வீட்டு வேலையே போதும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத் தரும், இதயத்துக்குப் பயிற்சியைத் தராது. கோட்டைமேட்டின் குறுகலான சந்துகளில் ஒரு பெண் எங்கே நடப்பாள்? எப்போது நடப்பாள்? இதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அவளுடையது மட்டுமல்ல. பெண்கள் குழுவாகக் குளக்கரை நடைபாதைக்குச் செல்ல ஒரு நேரத்தை ஒதுக்குவதும், அந்த நேரத்தில் குழந்தைகளை ஆண்கள் பார்த்துக்கொள்வதும் நாம் செய்ய வேண்டியவை. நபிகளார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியைச் சொல்லி மகிழும் நாம், நம் வீட்டுப் பெண்களின் நடைக்கு வழிவிடத் தயங்குவது முரண் அல்லவா?

சில எச்சரிக்கைகளும் தேவை. பல ஆண்டுகள் அமர்ந்தே இருந்தவர் முதல் நாளே ஓடக் கூடாது. பத்து நிமிட நடையில் தொடங்கி வாரம்தோறும் சிறிது கூட்ட வேண்டும். இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்களும், நடக்கையில் மார்பு இறுக்கமோ தலைச்சுற்றலோ வருபவர்களும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். ரமளானில் கடின உழைப்பை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் சுமை தூக்கும் தொழிலாளிச் சகோதரரை மீண்டும் மண்வெட்டிக்கு அழைக்க வேண்டாம். அவர் தம் பங்கை உழைத்தே கொடுத்துவிட்டார். இந்த அழைப்பு முதலில் கல்லாப்பெட்டியிலும் கணினியின் முன்னும் அமர்ந்திருக்கும் நமக்குத்தான்.

ஒரு சகோதரரின் ஜனாஸாவில் கலந்துகொள்வது அவருக்கு நாம் செலுத்தும் கடைசி உரிமை. அதற்கு முன் நிறைவேற்ற வேண்டிய உரிமைகள் பல உள்ளன. அவருடைய கதவைத் தட்டி, "வாங்க பாய், சேர்ந்து நடப்போம், அந்தப் பெரியவருக்கு மருந்து கொடுத்துவிட்டு வருவோம்" என்று அழைப்பதும் அவற்றுள் ஒன்று. நாளை சுப்ஹிலிருந்தே இதைத் தொடங்க எந்தத் தீர்மானமும் நிறைவேற்றத் தேவையில்லை. இருவர் போதும்.

நமக்கு அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணவும், அதன் வலிமையை அவனுடைய அடியார்களுக்காகச் செலவிடவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.